எக்கியை மாற்றுமுன் ஏதினை நாடுக!

(சேலத்தில், ஊர்திப் பட்டறைத் தொழிலாளர்க்கான தமிழ்வழிப் பயிற்சி வகுப்பின் தொடக்க நாளில் ஆற்றிய உரை)



தொல்காப்பியமும் திருக்குறளும் கற்பிக்கும் தமிழாசிரியனுக்கு ஊர்திப் பட்டறையில் என்ன வேலை என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். அவ்வினாவிற்குரிய விடை என் கையிலேயே இருக்கின்றது. இதோ, பாருங்கள்! ஒரு சாண் நீளமும் இல்லாத ஓர் உருளை. 'பெட்ரோல் பம்பு' என்று நீங்கள் நாளும் சொல்வது இதுவே. இது செத்துவிட்டது என்று கூறி என் மகிழுந்திலிருந்து கழற்றி எறியப்பெற்றது. கழற்றியவர் பொய்யர் அல்லர். அவர் அவ்வாறே நம்பினார். ஆனால், பின்னர் என் பழைய மாணவர் ஒருவர் இதனைத் தூய்மை செய்து, கன்னெய்யில் அமிழ்த்தி, இயக்கி, அளந்து பார்த்தார். புதிய எக்கி தரும் அழுத்தத்திற்கு எள்ளளவும் குறையாமல் இது தருகின்றது! உயிருள்ளதைப் பிணமென்று புதைத்த கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல வந்துள்ளேன்.

தொப்பூர் ஏற்றத்தில் நின்ற மகிழுந்து

கடுங்கோடை. நண்பகல். சேலத்திலிருந்து தருமபுரி நோக்கிச் சென்றுகொண்டிருந்தேன். தொப்பூர்க் கணவாயின் ஏற்றத்தில் என் பழைய மகிழுந்து இளைக்கத் தொடங்கிற்று. முடுக்கியை மிதிக்க மிதிக்க விரைவு குறைந்தது. இறுதியில் எந்திரம் இரண்டு முறை விக்கி நின்றேவிட்டது. விளக்கு எரிந்தது, ஒலிப்பான் ஒலித்தது, எந்திரம் மட்டும் உயிர்பெறவில்லை. சரக்குந்துகள் இடைவிடாது செல்லும் அச்சாலையின் ஓரத்தில் அரைமணி நேரம் காத்திருந்தேன். பின்னர்த் திறவுகோலைத் திருப்பினேன். ஒன்றும் நடவாததுபோல் எந்திரம் இயங்கிற்று!

ஒரு பட்டறைக்குக் கொண்டுசென்றேன். அங்கிருந்த இளைஞர், நான் சொன்னதைக் கேட்டு முடிக்குமுன்னரே, "பம்பு போயிடுச்சுங்க ஐயா" என்றார். அளவை ஏதும் எடுக்கவில்லை. எக்கி மாற்றப்பெற்றது. எட்டாயிரம் உருபா கொடுத்தேன். சமநிலத்தில் இரண்டு கிழமை நன்றாகவே ஓடிற்று. மீண்டும் அதே ஏற்றம். மீண்டும் அதே இளைப்பு! வேறொரு பட்டறையில் வடிகட்டியையும் தீப்பொறிச் செருகிகளையும் மாற்றினார்கள். மூன்றாம் முறையும் தொப்பூர் என்னை நிறுத்தியது.

அதற்குப் பிறகுதான் என் பழைய மாணவர் நினைவுக்கு வந்தார். பள்ளியில் மதிப்பெண் குறைவு. ஆனால் ஒரு சொல்லின் பொருள் விளங்காமல் அடுத்த வரிக்குச் செல்லாத பிள்ளை. இன்று தாமே சிறு பட்டறை நடத்துகின்றார். நடந்ததைக் கூறி, "தம்பி, புது எக்கியும் கெட்டுவிட்டதா?" என்றேன். அவர் சிரித்தார். "ஐயா, எக்கிமேல் பழி போடுமுன் அது சோறு உண்டதா என்று கேட்க வேண்டாவா? எதையும் கழற்றாமல் முதலில் அளப்போம்" என்றார்.

எனக்கு வள்ளுவப் பேராசானின் மருந்து அதிகாரம் நினைவுக்கு வந்தது. நோய் இன்னதென்று தெளிதல் முதற்படி. அது எதனின்று பிறந்தது என்று காணல் இரண்டாம் படி. தணிக்கும் வழியைத் தேர்தல் மூன்றாம் படி. மருந்து அதற்குப் பின்னரே. நாமோ மருந்திலிருந்து தொடங்குகின்றோம். அம்மருந்துக்கு உருபா எட்டாயிரம்!

எக்கி செய்யும் வேலை

நோயை அறியுமுன் நலத்தை அறிதல் வேண்டும். கன்னெய் என்னும் சொல்லைக் கல்+நெய் என்று பிரியுங்கள். 'பெட்ரோலியம்' என்னும் சொல்லும் பாறை, நெய் என்னும் இரு சொற்களால் ஆயதே. எனவே நம் சொல் அயற்சொல்லுக்கு எவ்வகையிலும் இளைத்ததன்று. எக்கி என்னும் சொல்லும் அத்தகையது. 'வயிற்றை எக்கு' என்கின்றோம். பழைய மகிழுந்துகளில் எந்திரத்தின் பக்கத்தில் ஒரு தொய்வச் சவ்வு இருந்தது. அது வயிற்றை எக்குவதுபோல் உள்ளொடுங்கிக் கன்னெய்யை இழுத்து, மீண்டும் விரிந்து கலப்பிக்குத் தள்ளியது. கலப்பி என்றால் 'கார்புரேட்டர்'. அதற்குப் பேரழுத்தம் வேண்டா, 0.2 முதல் 0.4 பார் போதும்.

பார் என்பது அழுத்தத்தின் அளவு. கடல்மட்டத்தில் காற்றுக்கடல் நம்மேல் அழுத்தும் அளவு ஏறத்தாழ ஒரு பார். உங்கள் பட்டறை அளவியில் அது சதுர அங்குலத்திற்கு 14.5 பவுண்டு. மகிழுந்தின் உருளைக்குள் நீங்கள் அடைக்கும் காற்று இரண்டு பாரைச் சற்றே கடக்கும். இவ்விரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற அளவுகள் எளிதில் விளங்கும்.

இற்றை மகிழுந்துகளில் கலப்பி இல்லை, பீச்சி உள்ளது. 'இன்செக்டர்' என்பீர்கள். அது கன்னெய்யை நுண்டுளிகளாகப் பீச்ச வேண்டும். நுண்டுளி ஆக வேண்டுமெனில் அழுத்தம் வேண்டும். ஆதலால் எக்கி மின்னால் இயங்குவதாகித் தொட்டிக்குள்ளேயே குடியேறிற்று. உறிஞ்சு குழலுக்குள் பீச்சும் பெரும்பான்மை மகிழுந்துகளில் அழுத்தம் 3 முதல் 4 பார். எரியறைக்குள் நேரே பீச்சும் வகையிலோ தொட்டியின் எக்கிக்குப் பின் இரண்டாம் எக்கி ஒன்று வந்து, அழுத்தத்தை 50 பாரிலிருந்து 200-க்கும் மேலே ஏற்றுகின்றது. 2020 ஏப்பிரல் முதல் நாள் 'பாரத் நிலை ஆறு' என்னும் புகைக்கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தபின் விற்பனைக்கு வந்த ஈருருளிகளில் மிகப் பலவற்றிலும் பீச்சியும் மின்னெக்கியும் ஏறிவிட்டன. அவற்றில் அழுத்தம் ஏறத்தாழ 2.5 முதல் 3 பார். ஆகவே, 'இது பெரிய வண்டிக்காரர் பாடம்' என்று ஈருருளிப் பட்டறையார் எவரும் எழுந்து போய்விட வேண்டா!

டீசல் என்று வழங்கும் தீசல்நெய் ஊர்திகளில் கதை இன்னும் பெரிது. 1997-இல் மகிழுந்துகளில் புகுந்த பொதுக்குழல் முறையில், எந்திரம் வெறுமனே சுழலும்போதே அழுத்தம் ஏறத்தாழ 250 முதல் 350 பார் இருக்கும். முழுச்சுமையில் 1600, 2000 என ஏறும். இங்கே ஓர் எச்சரிக்கை. எந்திரம் ஓடும்போது அப்பொதுக்குழலின் குழாயைத் தளர்த்தி 'நெய் வருகிறதா' என்று விரலால் தடவிப் பார்க்கும் பழக்கத்தை இன்றே விட்டொழியுங்கள். அத்தாரை தோலைத் துளைத்துத் தசைக்குள் புகும். வெளியே ஊசிமுனையளவு புள்ளியே தெரியும். உள்ளே கை அழுகும். வலி இல்லையென்று வீட்டுக்குப் போகாமல், அக்கணமே அறுவை மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

முதலில் செவி, அடுத்து அளவி

என் மாணவர் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

கன்னெய் எந்திரத்திற்கு மூன்று வேண்டும்: காற்று, நெய், தீப்பொறி. இம்மூன்றில் எது இல்லை என்று காணாமல் எக்கியைத் தொடுதல் பிழை. அவர் முதலில் தொட்டியில் நெய் இருக்கின்றதா என்று பார்த்தார். நகைக்காதீர்கள்! நெய்யளவு காட்டும் முள் பொய் சொல்லும் ஊர்திகள் பல.

அடுத்து, என்னைத் திறவுகோலை முதல் நிலைக்குத் திருப்பச் சொல்லிவிட்டுப் பின்னிருக்கையருகே செவி வைத்தார். எக்கி ஏறத்தாழ இரண்டு நொடி முரலும், பின் நிற்கும். எந்திரம் சுழலத் தொடங்கினால்தான் மின்மூளை அதனை மீண்டும் இயக்கும். இம்முரற்சி கேட்கவில்லையெனில் உடனே எக்கி செத்ததென்று முடிவுகட்டக் கூடாது. உருகி எரிந்திருக்கலாம். 'ரிலே' என்று நீங்கள் வழங்கும் மின்தொடுப்பி பழுதாகியிருக்கலாம். பெட்டியில் அதனை ஒத்த மற்றொன்று இருந்தால் இடமாற்றிப் பார்த்தால் ஒரு மணித்துளியில் விளங்கும். சில ஊர்திகளில், மோதினால் எக்கியை நிறுத்தும் பொத்தான் ஒன்றும் உண்டு. பெருங்குழியில் இறங்கிய அதிர்ச்சியிலும் அது தட்டிக்கொள்ளும். இன்னும் ஒன்று: எந்திரம் சுழல்கின்றது என்று சொல்லும் உணரி வெப்பத்தில் வாயடைத்துப் போனால், எந்திரம் நின்றதாக எண்ணி மின்மூளை எக்கியை நிறுத்திவிடும். பழி எக்கிமேல்; குற்றம் உணரிமேல்!

எம் ஊர்தியில் முரற்சி கேட்டது. எனவே அழுத்தமானியைப் பொருத்தினார். அதற்குமுன் செய்தது இன்றியமையாதது. எக்கியின் உருகியைப் பிடுங்கிவிட்டு, எந்திரத்தைத் தானாக நிற்கும்வரை ஓடவிட்டார். அதனால் குழாயிலிருந்த அழுத்தம் தணிந்தது. எந்திரம் ஆறியபின் மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்றினார். துணி ஒன்றைச் சுற்றியபின்பே குழாயைப் பிரித்தார். தீயணைப்பான் அருகில் இருந்தது. புகைப்பவர் எவரும் பக்கத்தில் இல்லை. இவற்றைப் பொறுமையற்றோர் வீண்வேலை என்பர். தீக்காய மருத்துவமனையில் கிடப்போரைக் கேளுங்கள், வீண்வேலை எதுவென்று!

அழுத்தமானி பேசும் மொழி

அழுத்தமானியின் முள் ஒரே எண்ணைக் காட்டும் கருவி அன்று. நோயாளியின் நாடிபோல் அது பலவகையாகப் பேசும்.

முள் எழவே இல்லையெனில் எக்கி ஓடவில்லை, அல்லது நெய் இல்லை, அல்லது குழாய் தொட்டிக்குள்ளேயே கழன்றது.

எழுந்தும் உரிய அளவைத் தொடவில்லையெனில் நால்வர்மேல் ஐயம் கொள்க: அடைபட்ட வடிகட்டி, தேய்ந்த எக்கி, அழுத்தத்தைத் திருப்பிவிடும் ஒழுங்கி, எக்கிக்கு வரும் மின்சாரம். நெய்யைத் தொட்டிக்குத் திருப்பும் தொய்வக்குழாய் உள்ள பழைய அமைப்பில், அத்திரும்புகுழாயை நொடிப்பொழுது மெல்ல நெருக்கினால் முள் விரைந்து ஏறும். ஏறினால் எக்கி நலம், குற்றம் ஒழுங்கியில். நெகிழிக் குழாயில் இதனைச் செய்யாதீர்கள், அது வெடிக்கும். ஒழுங்கி தொட்டிக்குள்ளேயே இருக்கும் புதிய அமைப்பிற்கு இவ்வாய்வு பொருந்தாது.

ஒழுங்கியோடு சேர்ந்த உறிஞ்சுகுழலைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். உள்ளே கன்னெய் இருந்தால் ஒழுங்கியின் சவ்வு கிழிந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

அளவு மிகுந்து நின்றால் திரும்பும் வழி அடைந்தது, அல்லது ஒழுங்கி சிக்கிக்கொண்டது. கரும்புகையும் கன்னெய் நாற்றமும் அதற்குச் சான்று.

எந்திரத்தை நிறுத்தியபின் அழுத்தம் உடனே சரிந்தால், எக்கியின் ஒருவழித் தடுக்கிதழோ, ஒழுங்கியோ, ஒரு பீச்சியோ கசிகின்றது. இத்தகைய ஊர்தி காலையில் நெடுநேரம் சுழன்றே உயிர்பெறும். அழுத்தமானி இல்லாதவர்க்கும் ஒரு வழி உண்டு. திறவுகோலை முதல் நிலைக்கு மூன்று முறை திருப்பித் திருப்பி எக்கியை முரலவிட்டு, நான்காம் முறை இயக்குங்கள். உடனே எந்திரம் எழுந்தால் நோய் இக்கசிவே எனப் பெரிதும் நம்பலாம்.

இவை எல்லாவற்றினும் நுட்பமானது ஒன்று உண்டு. அழுத்தம் வேறு, பாய்வு வேறு. வாய்க்காலை மண்போட்டு அடைத்தால் நீர் மட்டம் உயர்ந்துதான் நிற்கும். வயலுக்கோ நீர் போகாது. அவ்வாறே எந்திரம் வெறுமனே ஓடும்போது அழுத்தம் சரியாக இருந்து, சுமையில் சரிவதுண்டு. ஆகவே அரை மணித்துளியில் எவ்வளவு நெய் பாய்கின்றது என்றும் அளக்க வேண்டும். பல மகிழுந்துகளில் அது அரை இலிட்டர் அளவில் இருக்கும். உங்கள் ஊர்திக்குரிய சரியான அளவை அதன் பழுதுநீக்க நூலில் காண்க.

எம் மகிழுந்தைப் பட்டறையில் நிறுத்தி அளந்தபோது 3 பார். குறையே இல்லை! முதற் பட்டறையில் அளந்திருந்தாலும் இதுவே கிடைத்திருக்கும். ஆனால் என் மாணவர் அங்கே நிற்கவில்லை. நீண்ட குழாயிட்டு அழுத்தமானியை முன்கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஒட்டினார். உள்ளே வைத்தால் கசியும் நெய் தீயாகும் என்பதால் வெளியே வைத்தார். "தொப்பூருக்கே போவோம் ஐயா, நோய் அங்கேதானே வருகிறது?" என்றார். ஏறினோம். என் கண்முன்னே முள் இறங்கிற்று: 2.8, 2.3, 1.6. எந்திரம் விக்கிற்று.

அழுத்தத்திற்கு ஓர் அழுத்தம்

இவ்விடத்தில்தான் முன்னிருவரும் புதுப்பொருள் வாங்கச் சென்றார்கள். என் மாணவரோ ஒரு வினா எழுப்பினார்: "ஐயா, எரிநெய் அழுத்தம் ஏன் விழுகிறது? எக்கி மெல்லச் சுழல்வதால் இருக்கலாம். மெல்லச் சுழல்வதேன்? மின்னழுத்தம் விழுவதால் இருக்கலாம்."

தோழர்களே! அந்த ஒரு சொல்லில் நான் மெய்ம்மறந்து நின்றேன். ஆங்கிலத்தில் நெய்யின் அழுத்தத்திற்கு ஒரு சொல். மின்சாரத்தின் அளவிற்குத் தொடர்பே தோன்றாத வேறொரு சொல். 'பிரசர்' என்றும் 'வோல்ட்டேசு' என்றும் உருப்போட்ட பிள்ளைக்கு இரண்டும் இரண்டு தீவுகள். தமிழிலோ ஒன்று எரிநெய் அழுத்தம், மற்றொன்று மின்னழுத்தம். நெய்யைக் குழாயில் தள்ளுவது ஓர் அழுத்தம். மின்சாரத்தைக் கம்பியில் தள்ளுவதும் ஓர் அழுத்தம். முன்னது குறைந்தால் பின்னதைப் பார் என்று சொல்லே வழிகாட்டுகின்றது!

அவர் பன்மானியை எடுத்தார். எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மின்கலத்தின் முனைகளில் 13.8 வோல்ட்டு. எக்கியின் முனைகளில் 10.2. இடையே 3.6 வோல்ட்டைக் களவாடியவன் எவன்? செல்லும் கம்பியில் தேடினார், இழப்பு 0.4. அது பொறுக்கத்தக்கது. திரும்பும் கம்பியில் தேடினார், இழப்பு 3.2! நல்ல ஊர்தியில் அங்கே 0.2-க்கு மேல் இருத்தலாகாது.

பின்னிருக்கையைத் தூக்கினோம். எக்கியின் திரும்புகம்பி ஊர்தியின் உடலோடு ஒரு மரையாணியால் இணைக்கப்பெற்றிருந்தது. நீங்கள் 'எர்த்து' என்று சொல்லும் நிலத்தொடுப்பு அது. எப்போதோ மழைநீர் புகுந்து துருப்பிடித்திருந்தது. தொட்டேன்; சுட்டது! ஐந்து ஆம்பியர் மின்னோட்டம் 3.2 வோல்ட்டை அங்கே இழந்தால் 16 வாட்டு வெப்பம் பிறக்கும். எக்கி உண்ண வேண்டிய சோற்றை அம்மரையாணி உண்டுகொண்டிருந்தது. வெப்பம் ஏற ஏறத் தடை ஏறியது. தடை ஏற ஏற எக்கி தளர்ந்தது. அரைமணி நேரம் ஆறினால் தடை குறைந்து, எக்கி மீண்டும் எழுந்தது. நான் சாலையோரம் காத்திருந்த அந்த அரைமணியின் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கிற்று.

துருவைத் தேய்த்தார், கம்பியின் முனைவளையத்தைப் புதிதாக்கினார், இறுக்கி மசகு பூசினார். இருநூறு உருபாகூட ஆகவில்லை. அன்று மாலையே மீண்டும் தொப்பூர் ஏறினோம். முள் 3 பாரில் அசையாமல் நின்றது.

இத்துருவை எவரும் தேடாமல் இருந்ததன் விலை என்ன? என் எட்டாயிரம் உருபா ஒருபுறம் இருக்கட்டும். முதற் பட்டறையின் உரிமையாளர், 'போட்ட எக்கி சரியில்லை' என்று கருதி, அதனைப் பொருத்திய இளைஞரின் கூலியில் பிடித்தம் செய்திருந்தார். இதனை நான் பின்னர்த்தான் அறிந்தேன். மாலைதோறும் தாய்க்கு மருந்து வாங்கிச் செல்லும் பிள்ளை அவர். எக்கி நன்றாகவே இருந்தது, பொருத்தியதும் பிழையில்லை, கூலி மட்டும் போயிற்று! உரிமையாளரிடம் நேரில் சென்று அளவைகளைக் காட்டினேன். அவரும் நேர்மையாளரே, பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவ்விளைஞர் இன்று இவ்வகுப்பின் முதல் வரிசையில் அமர்ந்திருக்கின்றார். அவர் இசைவு பெற்றே இதனைச் சொல்கின்றேன்.

குறை எங்கே?

நான் அவரைக் குறை கூறேன். அவர்தம் பயிற்சி நாளில் கையில் கொடுக்கப்பெற்றது ஆங்கிலக் குறிப்பு. அதிலுள்ள சொற்களை உருப்போட்டுத் தேறினார். 'பம்பு', 'பிரசர்', 'ரிலே' என்று நாவில் நின்றவை நெஞ்சில் இறங்கவில்லை. பொருள் விளங்காத சொல்லைக்கொண்டு எவர் எண்ண முடியும்? எண்ண முடியாதவன் மாற்றிப் பார்ப்பான். மாற்றுவதற்கு விலை கொடுப்பவன் ஏழை ஊர்திக்காரன்.

தமிழில் இஃது இயலுமா என்று கேட்போர் இன்னும் உளர். அவர்க்கு ஒரு செய்தி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில், சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர், மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழில் ஆக்கினார். அயலவர் ஒருவர் மாந்த உடலின் நோயைத் தமிழில் ஆராயக் கற்பித்தார். நாம் மகிழுந்தின் நோயைத் தமிழில் ஆராய மயங்குகின்றோம்! மறைமலையடிகளார் தனித்தமிழ்க் கொள்கையை மேற்கொண்ட அதே 1916-இல் அறிவியற் சொற்களைத் தமிழில் ஆக்குதற்கென்றே கழகம் ஒன்று தோன்றிற்று. 2010-இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் எந்திரப் பொறியியலே தமிழ்வழியில் தொடங்கப்பெற்றது. எனவே இயலுமா என்பது வினாவன்று. பட்டறை வரைக்கும் அது வந்து சேர்ந்ததா என்பதே வினா. வரவில்லை. அதனைக் கொண்டுவருவதே இவ்வகுப்பின் வேலை.

அதற்காக, அயற்சொல்லை அறியவே வேண்டா என்று நான் சொல்லேன். உறுப்பு வாங்கும் கடையில் அச்சொல் வேண்டும். பிழைக்குறி காட்டும் கருவியிலும் அதுவே வரும். ஆனால் அது வாங்குவதற்குரிய சொல். எண்ணுவதற்குரிய சொல் தாய்மொழியில் இருக்கட்டும்.

வருமுன் காத்தல்

முடிக்குமுன் உங்கள் வாடிக்கையாளர்க்கு நீங்கள் சொல்ல வேண்டியன சில. தொட்டிக்குள் இருக்கும் மின்னெக்கியைக் குளிர்விப்பது அதனைச் சூழ்ந்த நெய்யே. எப்போதும் அடிமட்டத்திலேயே ஓட்டினால் எக்கி வெப்பத்தில் தேயும். கால் தொட்டியேனும் நிறைந்திருக்கட்டும். 2023 முதல் நம் நாட்டில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த கன்னெய் விற்பனைக்கு வந்துள்ளது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் இயல்பினது. நீர் மிகுந்தால் அது எத்தனாலோடு பிரிந்து, எக்கியின் வாய் இருக்கும் அடித்தட்டிலேயே தங்கும். நெடுநாள் நிறுத்தி வைத்த ஊர்தி விக்கினால் முதலில் அடிநெய்யை ஒரு கண்ணாடிக் குப்பியில் எடுத்துப் பாருங்கள். இரண்டு அடுக்காகத் தெரிந்தால் நோய் அங்கேயே வெளிப்பட்டுவிடும்.

தீசல் ஊர்தி நின்றால் உயரழுத்த எக்கியைக் கழற்றுமுன், தொட்டியிலிருந்து அதற்கு நெய் வருகின்றதா, வடிகட்டியில் நீர் தேங்கியதா, குழாயில் காற்றுப் புகுந்ததா என்று பாருங்கள். அதன்பின் ஒவ்வொரு பீச்சியின் திரும்புநெய்யையும் தனித்தனிக் குப்பியில் பிடியுங்கள். எக்குப்பி மற்றவற்றினும் மிக விரைந்து நிறைகின்றதோ, அப்பீச்சியே அழுத்தத்தைக் கசியவிடுகின்றது. நான்கு கண்ணாடிக் குப்பிகளின் விலையில் பல்லாயிரம் உருபா மிஞ்சும்.

தோழர்களே! அழுத்தமானி ஒன்று, பன்மானி ஒன்று, தமிழில் எழுதிய குறிப்பேடு ஒன்று. இம்மூன்றும் இல்லாத பட்டறை இனி இவ்வூரில் இருத்தலாகாது. ஒவ்வோர் ஊர்தியிலும் நீங்கள் எடுக்கும் அளவைகளைத் தமிழில் எழுதுங்கள். பத்தாண்டில் அதுவே ஒரு நூலாகும். என் போன்ற தமிழாசிரியர் நூறு பேர் கூடி எழுத முடியாத நூல் அது.

என் கையிலுள்ள இவ்வெக்கியை இனி நான் வைத்திருக்கப் போவதில்லை. முதல் வரிசையில் இருக்கும் தம்பி, எழுந்து வாருங்கள். நீங்கள் கழற்றியதுதான் இது; உங்களிடமே ஒப்படைக்கின்றேன். இவ்வகுப்பின் மேசைமீது இதனை வையுங்கள். வரும் ஒவ்வொரு புதிய மாணவரும் இது செத்ததா, உயிருள்ளதா என்று அளந்து சொல்லட்டும். அதுவே அவருக்கு முதற்பாடம் ஆகட்டும்.

தமிழ் வெல்க! உழைப்பவர் உயர்க!